கடல் இல்லாத ஸ்பெயினும் ஒரு காத்தோட்டிக்காயும்

போன வெள்ளிக்கிழமை லண்டன் மனோர் பார்க் முருகன் கோயில் வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணை, ஸ்பெயின் போய் வந்தனீங்களாம்? பேப்பரில ஒரு கடற்கரைப் படமும் காணேல்லை?"

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர். முகம் தெரியும், பெயர் தெரியாது.

"நாங்கள் கடல் இல்லாத பக்கம் போனனாங்கள்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். ஸ்பெயினுக்குப் போய்க் கடல் பார்க்காமல் வருகிறவன், கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருகிறவன் மாதிரி அல்லவா?

அவருக்கு அங்கே விளக்கம் சொல்லவில்லை. செருப்பு வைக்கிற இடத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. இங்கே சொல்கிறேன்.

என் தங்கச்சி யோகம் எங்களோடுதான் இருக்கிறாள். ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு மேல் அறை அவளுக்கும் அவள் மகன் நிரூபனுக்கும். நிரூபன் எலக்ட்ரீஷியன். இருபது கடந்த பிள்ளை. அவளுடைய கணவர், என் மச்சான், கடைசிச் சண்டை முடிந்த அன்று ஒரு பஸ்ஸில் ஏறினவர். "விசாரித்துவிட்டு விடுவோம்" என்று சொல்லித்தான் ஆமிக்காரர் ஏற்றினார்கள். நிரூபன் அப்போது அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப்பிள்ளை. பஸ் போனது. அதற்குப் பிறகு மச்சானைக் கண்டேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. செத்தவர் என்று சொல்லவும் ஒரு ஆள் இல்லை.

குரோய்டனில் அவளுக்கு அகதி இன்டர்வியூ நடந்தபோது, கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்களாம். "பஸ்ஸில ஏறினவர்" என்றாளாம். மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவளும் மாற்றாமல் அதையே சொல்லியிருக்கிறாள். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் பதில். கழுத்தில் தாலி இருக்கிறது. நெற்றியில் குங்குமம் இருக்கிறது.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"எழுதுங்கோ அண்ணை. ஆரும் அவரைக் கண்டவை வாசிச்சாலும் வாசிப்பினம்" என்றாள்.

அந்தக் கடைசி மாதங்களை அவள் கடற்கரை மணலில் பங்கர் வெட்டி இருந்து கழித்தவள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் சனம். அதனால் அவளுக்குக் கடல் ஆகாது. ஒருமுறை எல்லோருமாகச் சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனோம். நாங்கள் ஐஸ்கிறீம் சாப்பிட, அவள் கார் பார்க்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தாள். கண்ணாடியை இறக்கவும் விடவில்லை — சத்தம் கேட்குமாம்.

இந்த வருடம் நிரூபன் அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நின்றான். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படித்தவன். மேப்பைப் பார்த்துக் கடல் தொடாத பிரதேசம் ஒன்றைக் கண்டுபிடித்தான். அராகொன். வடக்கே மலை, நடுவே ஆறு, மிச்சமெல்லாம் காய்ந்த நிலம். என் மனைவிக்கு முழங்கால் சரியில்லை. மலையென்றதும் அவள் கழன்றுவிட்டாள். ஆக நாங்கள் மூன்று பேர். ஒரு சூட்கேஸ் உடுப்பு. இன்னொரு சூட்கேஸில் ரைஸ் குக்கர், பருப்பு, மிளகாய்த்தூள். நானும் தங்கச்சியும் சைவம். அந்த நாட்டிலோ கடைக்குக் கடை பன்றித் தொடை கூரையில் தொங்குகிறது. தலையில் முட்டாமல் நடந்துபோய் உட்காரவேண்டும்!

முதலில் ரிக்லோஸ் என்ற இடம். சின்ன ஊர். ஊருக்குப் பின்னால் சிவப்புக் கல்லில் கோபுரம் கோபுரமாக மலை செங்குத்தாக எழும்பி நிற்கிறது. கைகூப்பிவிட்டேன். இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டு முருகன் ஏன் இங்கே குடிவரவில்லை என்றுதான் யோசித்தேன். மேலே கழுகுகள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டம். இறக்கை அடிக்காமல், சும்மா, சுற்றிச் சுற்றி...

யோகம் அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்வளவும் எதைத் தின்னுதுகள்?"

"செத்த ஆடு மாடு அம்மா. செத்ததை மட்டும்தான் தின்னுமாம். உயிரோட இருக்கிறதைத் தொடாது" என்றான் நிரூபன்.

"செத்துப்போச்செண்டு அதுகளுக்கு ஆர் சொல்லுறது?"

அவன் கார்ச் சாவியைக் கையில் எடுத்தான்.

நல்ல இடம், வாசகர்களே. போகிறவர்கள் காலை வெயிலில் போங்கள், கல் நெருப்பு மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு அன்றைக்கு அதற்குப் பிறகு மலை தெரியவில்லை. தங்கச்சியின் கேள்விதான் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு திரிந்தது.

அடுத்தது ஓர்தேசா பள்ளத்தாக்கு. கோடையில் சொந்தக் காரை உள்ளே விடமாட்டார்கள். தோர்லா என்ற ஊரில் நிறுத்திவிட்டு பஸ் எடுக்கவேண்டும். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம். பஸ் என்றால் யோகம் லண்டனிலேயே வாசற்பக்கச் சீட்டில்தான் இருப்பாள். அங்கேயும் அப்படித்தான் இருந்தாள். மகனின் கையைப் பிடித்தபடி. இறங்கினதும் பெரிய மரக்காடு. குளிர்ச்சி. படிப்படியாக விழுகிற தண்ணீர். கண்ணாடி மாதிரி ஆறு. அவள் சப்பாத்தைக் கழற்றிக் காலை வைத்தாள். "ஐயோ, ஐஸ்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கண்டு எவ்வளவு காலம்! நிரூபன் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். சில சந்தோசங்கள் படம் எடுக்கப்போனால் ஓடிவிடும்.

அங்கேயே இரண்டு நாள் கூடுதலாக நின்றிருக்கலாம். நாங்கள் தெற்கே இறங்கினோம்.

மொனேக்ரோஸ். மரம் இல்லை, பச்சை இல்லை. வெள்ளை மண்ணும் வெயிலும்தான். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படியொரு நிலத்தை வர்ணிக்கத் தெரியாது. கடவுள் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு, வேறு அலுவலாக எழும்பிப் போன இடம் மாதிரி இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்கக் கண் அதை விட்டு எழும்பாது. அது உண்மை.

மத்தியானம் தெருவோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்கார அம்மாவுக்கு என் நெற்றித் திருநீறு விளங்கவில்லை. நிரூபனிடம் ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"

"தலையில காயமோ, மருந்து பூசியிருக்கோ எண்டு கேக்கிறா மாமா."

யோகமும் சேர்ந்து சிரித்தாள். ஆக, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இறைச்சி வேண்டாம் என்றதும் அந்த அம்மா பாணும் தக்காளியும் ஒரு தட்டில் ஒலிவ் காயும் கொண்டுவந்து வைத்தாள். ஒலிவ் காய்களுக்கு நடுவே இன்னொரு காய். பச்சை. முட்டை வடிவம். நீளக் காம்பு. நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். உள்ளே சின்னச் சின்ன விதை, ஒரு கைப்பு, ஒரு காரம்... இந்த நாக்குக்கு இது தெரியுமே! ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கடைச் சுவரோடு செடி படர்ந்து கிடக்கிறது. வெள்ளைப் பூ, பூவுக்குள்ளே நீட்டு நீட்டாய் நூல்.

வாய் சும்மா இருந்ததா?

"எட, இது காத்தோட்டிக்காய் சாதியல்லோ!" என்றேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காத்தோட்டி எங்கள் பக்கத்து முட்கொடி. அதன் காயை யாழ்ப்பாணத்தில் ஆடி அமாவாசைக்குத்தான் சமைப்பார்கள். ஆடி அமாவாசை, தகப்பன் இல்லாதவர்கள் தகப்பனுக்காகப் பிடிக்கிற விரதம். தகப்பன் இருக்கிறவர்கள் பிடிப்பதில்லை. வேறு வீடுகளில் அந்தக் காயை எல்லோரும் சாப்பிடுவார்கள்போல. எங்கள் வீட்டில் அம்மா விடமாட்டா. விரதகாரரின் இலையில் மட்டும்தான் அது விழும். யோகம் அந்த முறையை லண்டனுக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு ஆடியிலும் எனக்கு வைப்பாள். பக்கத்தில் இருக்கிற மகனின் இலையைத் தாண்டிப் போவாள். அவனும் ஒரு நாளும் கேட்டதில்லை.

காத்தோட்டிக்காய் என்று நான் சொன்ன நேரம் நிரூபனின் கையில் ஒரு காய் இருந்தது. காம்பைப் பிடித்தபடி வாய்க்குக் கிட்ட வைத்திருந்தான்.

"வை" என்றாள் யோகம். "கீழை வை."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு காயை வாயில் போட்டான்.

"துப்பு! துப்படா நிரு!"

அவன் துப்பவில்லை. கண்ணை எடுக்காமல் மென்று விழுங்கினான். காம்பை மட்டும் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

யோகம் எழும்பிக் காருக்குப் போய்விட்டாள். கடைக்கார அம்மா ஓடிவந்து, சாப்பாடு சரியில்லையா என்று கேட்டிருக்கவேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்து ஸ்பானிஷில் இதைச் சொல்வது?

அடுத்த இடம் ஏற்கனவே காரின் மேப்பில் கிடந்தது. கார் தன்பாட்டில் போனது.

உப்பு வாவி. கோடையில் தண்ணீர் வற்றி, கண்ணுக்கு எட்டும் வரை வெள்ளை வெளேரென்று உப்பு. ஓரத்தில் முன்பு உப்பு விளைவித்தவர்களின் கட்டடங்கள், கூரை இல்லாமல், சுவர் விழுந்து... கடல் இல்லாத இடம் என்று தேடித் தேடி வந்தோம். வந்த இடத்தில் சண்டை தின்ற எங்கள் ஆனையிறவு உப்பளம் கிடக்கிறது!

யோகம் கதவைத் திறந்து இறங்கினாள். உப்பின் மேல் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். கால் வைக்கிற இடமெல்லாம் மொறுமொறு என்று உடைந்தது.

"பிள்ளை, நில். வெயில்."

நின்றாள். ஆனால் என்னிடம் கதைக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த மகனைப் பார்த்துத்தான் கதைத்தாள்.

"உன்ர அப்பாவைத் திண்டுபோட்டாய்."

"அம்மா..."

"தெரியாமத் திண்டிருந்தாப் பறவாயில்லை. தெரிஞ்சு திண்டனி."

"ஓம். தெரிஞ்சுதான் திண்டனான்." அவன் ஒரு அடி கிட்ட வந்தான். "ஒவ்வொரு வருசமும் மாமா தன்ர அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் குடுத்திட்டு வாறார். நான் பக்கத்தில இருந்து சோறு தின்னிறன். அப்பா செத்திருந்தா, இவ்வளவு வருசமும் அவருக்கு ஒரு வாய் தண்ணி ஆர் குடுத்தது? பசியோட எங்கை நிக்கிறாரோ எண்டு உங்களுக்குப் பயமில்லையே அம்மா? எனக்குப் பயம்."

"உயிரோட இருந்தா?" அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "எங்கையோ ஒரு அறைக்குள்ள இருந்து, பிள்ளை வருவான், என்னைத் தேடுவான் எண்டு இருக்கிற மனுசனுக்கு, பெத்த பிள்ளை எள்ளும் தண்ணியும் இறைச்சா... அவர் என்ன ஆவார்? சொல்லு."

இரண்டும் நியாயம். ஒன்றைச் செய்தால் உயிரோடு இருக்கிறவரைக் கொல்கிறோம். செய்யாவிட்டால் செத்தவரைப் பட்டினி போடுகிறோம். நடுவிலே நிற்க ஒரு அடி நிலம் இல்லை.

"மாமா, நீங்கள் சொல்லுங்கோ" என்றான் அவன்.

"சொல்லுங்கோ அண்ணை" என்றாள் அவள்.

கிழமைக்குக் கிழமை இந்த இடத்தில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். பிள்ளை வளர்ப்பது எப்படி, சம்பந்தியோடு கதைப்பது எப்படி... அன்றைக்கு அந்த உப்பு வெளியில் நின்று நான் சொன்னது என்ன தெரியுமா?

"வெயில் ஏறுது. காருக்கு வாங்கோ."

அவ்வளவுதான் வந்தது.

திரும்பி வந்த பிறகும் அம்மாவும் மகனும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாடு வைப்பாள், சாப்பிடுவான். "உப்புக் காணுமோ" என்றுகூடக் கேட்கமாட்டாள். ஆடி அமாவாசை கிட்ட வந்தது. நான் போய் ஐயரிடம் கேட்டேன். எனக்கு எல்லாவற்றுக்கும் கோயில்தான் வழி.

"காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருசம் பாத்திட்டுச் செய்யலாம் எண்டு இருக்கு" என்றார் ஐயர். "அந்தக் கணக்கு எப்பவோ முடிஞ்சுது. ஆனா அந்த அம்மா ஓமெண்டு சொல்லாமல் பிள்ளையின்ர விரலில நான் தர்ப்பை போடமாட்டன். சாத்திரத்துக்குப் பயந்து இல்லை. அந்த அம்மாவின்ர முகத்தை நான் பிறகும் பாக்கோணும்."

நல்ல ஐயர். ஆனால் வழி சொன்னாரா? இல்லை.

யோசித்துப் பாருங்கள். சாவுக்கு எங்களிடம் எவ்வளவு முறை இருக்கிறது! எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வருட முடிவில் ஆட்டத் திவசம் என்று அழுவதற்கும் நாள் குறித்து வைத்த சனம் நாங்கள். அழுது முடிப்பதற்கும் நாள் குறித்திருக்கிறோம். பஸ்ஸில் ஏறினவருக்கு மட்டும் ஒரு முறையும் இல்லை. அவருக்கு நாள் குறிக்க ஒரு பஞ்சாங்கத்தாலும் ஏலாது. இப்படிப்பட்ட வீடுகள் எங்களுக்குள் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற உங்களில் சிலர் இந்த இடத்தில் பேப்பரை மடித்து வைத்திருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அமாவாசை அன்று நான் முழுகிக் கோயிலுக்கு வெளிக்கிட்டேன். வாசலில் நிரூபன், தலை ஈரத்தோடு, வேட்டியோடு. வேலைக்கு லீவு போட்டிருக்கிறான்.

"நான் ஒண்டும் செய்யமாட்டன் மாமா. சும்மா பக்கத்தில நிக்கிறன்."

யோகம் குசினிக்குள் நின்றாள். கேட்டிருப்பாள்.

கோயிலில் தர்ப்பணம் செய்கிற வரிசை. என் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் எள்ளும் தண்ணீரும் விட்டேன். பக்கத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் வயதுப் பிள்ளைகள் பலர் இருந்து செய்தார்கள். அவர்களுக்குத் தங்கள் அப்பா எங்கே என்று தெரியும். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து என் மருமகன் பொறாமைப்பட்டதை நான் கண்டேன். தகப்பன் செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரு பிள்ளை... முருகா, இதற்கா எங்களைப் பிழைக்க வைத்தாய் என்று மனசுக்குள் கேட்டேன். முருகனோடு எனக்குச் சண்டை போடவும் உரிமை இருக்கிறது.

வீட்டுக்கு வந்தோம். யோகம் எல்லாம் சமைத்திருந்தாள். தமிழ்க் கடைக்கு ஆடியில் மட்டும் வருகிற காத்தோட்டிக்காயை வாங்கி, நறுக்கிப் பொரித்திருந்தாள். காகத்துக்கு வைத்துவிட்டு வந்து இலை போட்டாள். எனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. சோறு, பருப்பு, வாழைக்காய், பூசணிக்காய், தயிர்... என் இலையில் காத்தோட்டிக்காயை வைத்தாள். மகனின் இலைக்கு வந்தாள்.



அவள் வைக்கவில்லை. மற்ற வருடங்களைப் போலவே தாண்டினாள். ஆனால் மற்ற வருடங்களில் அந்தப் பாத்திரம் நேரே குசினிக்குத் திரும்பிப் போகும். இந்த முறை போகவில்லை. மகனின் இலைக்குப் பக்கத்தில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்க்குக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு கோப்பையும் அங்கே இருக்கவில்லை.

நிரூபன் என்னைப் பார்த்தான். நான் என் இலையைப் பார்த்தேன்.

அவன் கையை நீட்டி ஒரு துண்டு எடுத்தான். சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தான். மென்று முடிக்கக் கன நேரம் எடுத்தது.

"கைக்குதோ?" தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளால் கேட்டாள். திரும்பவில்லை.

"ஓம் அம்மா. சரியாக் கைக்குது."

"தயிரை விட்டுச் சாப்பிடு."

உப்பு வெளிக்குப் பிறகு அவள் அவனோடு கதைத்த முதல் கதை அது. அவள் ஓமென்று சொல்லவில்லை. தாலி அப்படியே இருக்கிறது, குங்குமம் அப்படியே இருக்கிறது, வெளியே ஏதாவது கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் ஜன்னலடிக்குப் போவதும் அப்படியே இருக்கிறது. கொடுக்கவும் இல்லை, மறிக்கவும் இல்லை. கைக்கு எட்ட வைத்தாள். அதற்கு மேல் அவளால் ஏலாது. யாரால்தான் ஏலும்?

செருப்புத் தேடுகிற இடத்தில் கேட்டவருக்கு: போங்கள் அண்ணை, அராகொனுக்குக் கட்டாயம் போங்கள். சிவப்பு மலையைப் பாருங்கள், ஐஸ் ஆற்றில் கால் வையுங்கள், அந்த உப்பு வெளியிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சாப்பிட இருந்தால் ஒலிவ் தட்டில் காம்போடு ஒரு காய் வரும். அப்பா இல்லாதவர்கள் எடுத்துச் சாப்பிடுங்கள், அப்பா இருக்கிறவர்கள் ஒதுக்கி வையுங்கள்.

தெரியாதவர்கள்... தட்டைக் கிட்டவே வைத்திருங்கள்.